மொட்டை மாடியில் வைத்த வானிலைக் கருவி: அளவு மாறுவதற்குக் காரணம் உணரியா, வைத்த இடமா?

தூறல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான்கு மாதங்களுக்கு முன் வீட்டு மொட்டை மாடியில் ஒரு தானியங்கி வானிலைக் கருவியை நிறுவினேன். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம், மழை, காற்றின் வேகம், திசை ஆகிய ஆறையும் ஒரே கம்பத்திலிருந்து அளக்கும் வகை அது. அதனுடன், காற்றிலுள்ள நுண்துகளை அளக்கும் சிறிய உணரி ஒன்றைப் படிக்கட்டு அறையின் வெளிச்சுவரில் தனியாக மாட்டியிருக்கிறேன். பள்ளியில் படிக்கும் என் மகள் நாள்தோறும் இந்த அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதிவருகிறாள். அவள் இவ்வளவு அக்கறையுடன் எழுதும் எண்கள் தவறானவையாக இருக்கக் கூடாது என்பதே என் கவலை.

சிக்கல் இதுதான். வெயில் நாட்களில் பிற்பகல் 2 மணி அளவில் என் கருவி, ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரசு வானிலை நிலையம் வெளியிடும் அளவைவிட 3 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரை கூடுதலாகக் காட்டுகிறது. மேகமூட்டமான நாட்களில் இந்த வேறுபாடு ஒரு டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. வெயில் அடித்த நாட்களில், சூரியன் மறைந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்தும் ஒன்றரை டிகிரி கூடுதலாகவே நின்று, விடியற்காலையில்தான் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகின்றன. மழையில் இதற்கு நேர்மாறான நிலை. சென்ற மாதம் பலத்த காற்றுடன் பெய்த மழையின்போது, நேரான சுவர் கொண்ட அகலமான பாத்திரம் ஒன்றைக் கீழே தோட்டத்தின் நடுவில், மேலே எதுவும் மறைக்காத இடத்தில் வைத்திருந்தேன். மழை விட்டதும் அளவுகோலை நிறுத்திப் பார்த்தபோது 62 மி.மீ. நீர் இருந்தது, மாடியிலிருந்த கருவியோ 49 மி.மீ. என்றது.

காற்றழுத்தம் எப்போதும் அரசு நிலையத்தின் அளவைவிட 11 ஹெக்டோபாஸ்கல் குறைவாக இருக்கிறது. ஈரப்பதம் பல இரவுகளில் 99 விழுக்காட்டிலேயே நின்றுவிடுகிறது. நுண்துகள் உணரி விடியற்காலையில் இருமடங்காக உயர்ந்து, எட்டு மணிக்குமேல் தானாகவே இறங்கிவிடுகிறது. விற்றவர் கருவியை மாற்றித் தருவதாகச் சொல்கிறார். ஆனால் இத்தனை உணரிகளும் ஒரே சமயத்தில் பழுதாகியிருக்கும் என்று நம்ப முடியவில்லை. இவற்றில் எது கருவியின் குறை, எது வைத்த இடத்தின் குறை, எது குறையே இல்லாத உண்மை நிலவரம் என்பதைப் பிரித்தறிய வழி உண்டா?

பழைய நோக்கர்

வணக்கம் நண்பரே. வேறுபாடு இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், அது எப்போது கூடுகிறது, எப்போது மறைகிறது என்பதையும் நீங்கள் கவனித்து எழுதியிருப்பதால் விடை சொல்வது எளிதாகிறது. நான் பல ஆண்டுகள் வானிலை நோக்குநிலையங்களில் பணிபுரிந்தவன். முதலில் வெப்பநிலையை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் அதுதான்.

உங்கள் வெப்ப உணரி பழுதாகியிருந்தால் விடியற்காலையிலும் தவறாகத்தான் காட்டியிருக்கும். அந்த நேரத்தில் சரியாக இருந்து, வெயில் ஏற ஏற வேறுபாடு வளர்கிறது என்றால், உணரி தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. வெப்பமானி எதுவாயினும் அது காட்டுவது தன்னுடைய வெப்பநிலையைத்தான். காற்றின் வெப்பநிலையும் அதன் வெப்பநிலையும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. நேர் வெயில், சுட்டுக் கிடக்கும் தளத்திலிருந்து மேலெழும் வெப்பக் கதிர், கைப்பிடிச் சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளி ஆகிய மூன்றும் மாடியில் உங்கள் உணரியைச் சூழ்ந்திருக்கின்றன. சூரியன் மறைந்த பின்னும் ஒன்றரை டிகிரி கூடுதலாக நிற்பதற்கு, பகலெல்லாம் கான்கிரீட் உள்வாங்கிய வெப்பம் மெல்ல வெளியேறுவதே காரணம். அந்த நேரத்தில் உங்கள் மாடிக் காற்று உண்மையாகவே அவ்வளவு சூடாக இருக்கக்கூடும். அது உங்கள் பகுதியின் காற்று வெப்பநிலையைக் குறிக்காது, அவ்வளவுதான்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் கலங்கரை விளக்கங்களைக் கட்டிய ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 1860களில், இரட்டைச் சரிவுப் பலகைகளால் ஆன வெள்ளை மரப்பெட்டியை வடிவமைத்தார். வெயிலும் மழையும் உள்ளே புகாமல் காற்று மட்டும் தடையின்றி ஊடுருவ வேண்டும் என்பதே அதன் நோக்கம். உங்கள் கருவியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வெள்ளைத் தட்டுகள் இருக்கின்றனவே, அவை அந்தப் பெட்டியின் சிறு வடிவம்தான். ஆனால் அவற்றுக்கிடையே காற்று ஓடினால்தான் பயன் உண்டு. காற்று அசையாத உச்சிவெயிலில் தட்டுகளே சூடேறி, இடையில் சிக்கிய காற்றையும் சூடாக்கிவிடும். சிறு மின்விசிறியால் காற்றை உள்ளிழுக்கும் வகைக் கூடுகள் இதனால்தான் வந்தன. தட்டுகள் பழுப்பேறியிருந்தாலும் தூசி படிந்திருந்தாலும் வெயிலை மேலும் ஈர்க்கும் என்பதால், அவற்றை அவ்வப்போது கழுவுவது நல்லது.

உலக வானிலை அமைப்பின் வழிகாட்டுதல்படி காற்றின் வெப்பநிலையைத் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் வரையிலான உயரத்தில், அந்தப் பகுதிக்கு இயல்பான நிலப்பரப்பின்மேல் அளக்க வேண்டும். உங்களுக்குத் தோட்டம் இருப்பதால், வெப்ப உணரியை மட்டுமாவது கீழே கொண்டுவந்து, சுவர்களிலிருந்து தள்ளி, புல்தரையின்மேல் நிறுத்திப் பாருங்கள். வேறுபாட்டில் பெரும்பகுதி அன்றே குறைந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இது எவ்வளவு நுட்பமான விஷயம் என்பதற்கு ஒரு நினைவைச் சொல்கிறேன். பயிற்சிக் காலத்தில் பெட்டியின் கதவைத் திறந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு, முதலில் டிகிரியின் பத்தில் ஒரு பங்கைப் படித்த பிறகே முழு டிகிரியைப் படிக்கவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். முன்னே நிற்கும் மனிதனின் உடல் சூடும் மூச்சும் சில நொடிகளில் அந்தக் கடைசி இலக்கத்தை மாற்றிவிடும்; முழு எண் அவ்வளவு விரைவில் மாறாது. வட அரைக்கோளத்தில் அந்தக் கதவு வடக்கு நோக்கி இருப்பதும், திறக்கும்போது வெயில் வெப்பமானியின்மேல் விழக்கூடாது என்பதற்காகத்தான். ஒரு மனிதனின் மூச்சுக்கே இத்தனை கவனம் தேவைப்படும் கருவியை, நாள் முழுவதும் வெயிலில் காய்ந்த தளத்தின்மேல் வைத்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இனி மழை. இங்கே இரண்டு காரணங்கள் ஒன்றுசேர்ந்திருக்கலாம், அவற்றைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். முதலாவது காற்று. மாடியின் விளிம்பில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்பி வேகமெடுக்கிறது. மழைமானியின் வாய்க்குள் விழவேண்டிய துளிகளை, குறிப்பாகச் சிறு துளிகளை, அது தாண்டிக் கொண்டுபோய்விடுகிறது. இது இன்று நேற்றுக் கண்ட உண்மை அன்று. 1766ஆம் ஆண்டு ஜூலை முதல் ஓராண்டுக் காலம், லண்டனில் வில்லியம் எபர்டன் என்ற மருத்துவர் மூன்று மழைமானிகளை மூன்று உயரங்களில் வைத்து ஒப்பிட்டார். வீட்டின் கூரைக்குக் கீழே தாழ்வாக வைத்ததில் 22 அங்குலத்துக்குச் சற்று அதிகமாகவும், வீட்டுக் கூரையின்மேல் வைத்ததில் 18 அங்குலமும், வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் உச்சியில் வைத்ததில் 12 அங்குலமும் சேர்ந்தன. மழை கீழே வர வரப் பெருக்கிறதோ என்றுகூட அக்காலத்தில் ஐயுற்றார்கள். காற்றின் சுழற்சியே காரணம் என்பதை ஸ்டான்லி ஜெவன்ஸ் 1861இல் தெளிவாக எடுத்துச் சொன்னார். உங்கள் மாடியும் தோட்டமும் அதே சோதனையைத்தான் சிறிய அளவில் மீண்டும் செய்துகாட்டியிருக்கின்றன.

இரண்டாவது காரணம் கருவிக்குள்ளேயே இருக்கலாம். உங்களுடையது சாய்கிண்ண வகை என்று நினைக்கிறேன். புனல் வழியே வரும் நீர், ஊஞ்சல்போல் அமைந்த இரண்டு சிறு கிண்ணங்களில் ஒன்றை நிரப்புகிறது. குறித்த அளவு நிறைந்ததும் அது சாய்ந்து நீரைக் கொட்ட, மற்றொன்று புனலுக்குக் கீழே வருகிறது. ஒவ்வொரு சாய்வையும் கருவி எண்ணிக்கொள்கிறது. பெருமழையில், கிண்ணம் சாய்ந்துகொண்டிருக்கும் அந்த இமைப்பொழுதிலும் நீர் விழுந்துகொண்டே இருப்பதால் ஒரு பகுதி கணக்கில் வராமல் போகும். கருவி சமமாக நிற்கவில்லை என்றாலும், உள்ளே சிலந்தி குடியேறியிருந்தாலும் கணக்கு மேலும் பிசகும்.

இதைச் சோதிக்கக் கருவிக்கூடம் தேவையில்லை. புனலின் வாய் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக அது 16 செ.மீ. என்றால் வாயின் பரப்பு ஏறத்தாழ 201 சதுர செ.மீ.; ஒரு சாய்வு 0.2 மி.மீ. மழையைக் குறிக்குமானால், அதற்குத் தேவையான நீர் ஏறத்தாழ 4.02 மி.லி. ஆகவே 402 மி.லி. நீரை அளந்து, அடியில் ஊசியால் துளையிட்ட புட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கும்படி புனலின்மேல் வைத்தால் 100 சாய்வுகள், அதாவது 20 மி.மீ. பதிவாக வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றிவிடாதீர்கள். அது பெருமழையின் பிழையையும் சேர்த்துக் காட்டும்.

காற்றழுத்தத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். எல்லா நாட்களிலும் மாறாமல் 11 ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு இருப்பது, உங்கள் கருவி சீராக இயங்குவதற்கான சான்று. கடல் மட்டத்துக்கு அருகில் 8 மீட்டருக்குச் சற்று அதிகமாக ஏறினால் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். அரசு நிலையம் வெளியிடுவது கடல் மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட அழுத்தம். உங்கள் கருவி காட்டுவது நின்ற இடத்தின் அழுத்தம். நீங்கள் கடல் மட்டத்திலிருந்து 90 மீட்டர் அளவு உயரத்தில் வசிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். கருவியின் அமைப்பில் உயரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் இரண்டும் பொருந்திவிடும்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். பல நாடுகளில் வானிலைத் துறையின் மழைநாள் காலையில் ஒரு குறித்த நேரத்தில் தொடங்கி மறுநாள் அதே நேரத்தில் முடிகிறது. உங்கள் கருவி நள்ளிரவில் பூச்சியத்துக்குத் திரும்பும். இரவு மழையை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே 24 மணி நேரத்தைக் குறிக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

நுண்துகள்

பழைய நோக்கர் தொடாத இரண்டை நான் எடுத்துக்கொள்கிறேன். காற்றுத்தர அளவீட்டுக் கருவிகளைப் பராமரிப்பது என் அன்றாடப் பணி.

ஒப்பு ஈரப்பதம் வெப்பநிலையைச் சார்ந்தது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். காற்றிலுள்ள நீராவி சிறிதும் மாறாமலே, வெப்பம் ஏறினால் அந்த விழுக்காடு இறங்கும். நீராவி நீராகத் திரளத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிப்புள்ளி என்கிறோம். பனிப்புள்ளி 24 டிகிரியாக உள்ள காற்று 34 டிகிரியில் ஏறத்தாழ 56 விழுக்காடு ஈரப்பதம் காட்டும். வெயிலில் சூடேறிய கூட்டுக்குள் அதே காற்று 37 டிகிரியை எட்டினால் 47 அல்லது 48 விழுக்காடுதான் காட்டும். ஆகவே உங்கள் பிற்பகல் ஈரப்பதமும் குறைவாகவே பதிவாகியிருக்கும், நீங்கள் அதைக் கவனித்திருக்கமாட்டீர்கள். இதில் ஓர் ஆறுதல் உண்டு. வெப்ப உணரியும் ஈரப்பத உணரியும் ஒரே கூட்டுக்குள் ஒரே சூட்டில் இருந்தால், இரண்டையும் கொண்டு கணக்கிடும் பனிப்புள்ளி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அரசு நிலையத்துடன் ஒப்பிட நினைத்தால் விழுக்காட்டை விட்டுவிட்டுப் பனிப்புள்ளியை ஒப்பிடுங்கள்.

இரவில் 99இல் நிற்பது உண்மையாகவும் இருக்கலாம். காற்று அசையாத, வானம் தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று நீராவியால் நிறைந்துவிடுவது இயல்பு. ஆனால் இவ்வகைக் கருவிகளில் உள்ள மின்தேக்கி உணரியின்மேல் நீர் படிந்துவிட்டால், காற்று உலரத் தொடங்கிய பிறகும் அது சிறிது நேரம் உச்சத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அளவு மெல்ல நகர்ந்துபோவதும் இந்த உணரிகளின் இயல்பு. எனவே ஒருமுறை உப்புச் சோதனை செய்துவிடுங்கள். சிறு மூடியில் சமையல் உப்பை எடுத்து, ஈரமணல் பதத்துக்கு வரும்வரை மட்டும் நீர் தெளியுங்கள். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. அதையும் உணரியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒன்றையொன்று தொடாதபடி வைத்து, வெப்பநிலை மாறாத அறையில் ஒரு நாள் விட்டுவிடுங்கள். நிறைவுற்ற உப்புக் கரைசலுக்கு மேலே உள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் 20 டிகிரியில் 75.5 விழுக்காடு, 30 டிகிரியில் 75.1 விழுக்காடு. வெப்பநிலை மாறினாலும் இந்த எண் அசைவதே இல்லை என்று சொல்லலாம். அதனால்தான் இந்தச் சோதனையை நாங்கள் இன்றும் நம்புகிறோம். உங்கள் உணரி 73க்கும் 78க்கும் இடையில் காட்டினால் இந்த வகைக்கு அது நல்ல உணரிதான்.

நுண்துகள் உணரியின் விடியற்கால ஏற்றத்துக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு, இரண்டுமே உண்மையாக இருக்கலாம். 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைந்த விட்டமுள்ள துகள்களின் எடையைத்தான் பி.எம். 2.5 என்ற எண் குறிக்கவேண்டும். ஆய்வுக்கூடங்களில் குறித்த அளவு காற்றை வடிதாளின் வழியே இழுத்து, அந்தத் தாளை வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்திய அறையில் வைத்துப் பதப்படுத்திய பின் எடைபோடுகிறார்கள். உங்கள் சிறு உணரி எதையும் எடைபோடுவதில்லை. லேசர் ஒளிக்கு நடுவே துகள்களைச் செலுத்தி, அவை சிதறடிக்கும் ஒளியைக் கொண்டு எடையை ஊகிக்கிறது. ஈரப்பதம் 80, 85 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்புத்தன்மையுள்ள துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. பருத்த துகள் அதிக ஒளியைச் சிதறடிக்கும். உணரி அந்த நீரையும் மாசாகக் கணக்கிட்டுவிடும். மூடுபனித் துளிகளையும் அது துகள்களாகவே எண்ணும். மறுபுறம், விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலேயுள்ள வெப்பக் காற்று மூடிபோல் அமைவதால் புகை கலைந்துபோக வழியின்றித் தேங்குவதும் உண்மை. ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்குக் கீழே இருந்த விடியற்காலைகளை மட்டும் தனியே பிரித்துப் பாருங்கள். அன்றும் ஏற்றம் இருந்தால் அது புகை. ஈரமான நாட்களில் மட்டும் ஏற்றம் வந்தால் பெரும்பகுதி நீர்.

அந்த உணரி பி.எம். 10 என்றும் ஓர் எண்ணைக் காட்டுமானால், அதை உங்கள் மகளின் குறிப்பேட்டில் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. பெரிய துகள்களை அது பெரும்பாலும் காண்பதே இல்லை. சிறு துகள்களின் எண்ணிக்கையிலிருந்து கணக்கிட்டே அந்த எண்ணைத் தருகிறது. பி.எம். 2.5 எண்ணையும் உலகச் சுகாதார அமைப்பு 2021இல் வகுத்த வரம்போடு (24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம்) ஒப்பிடும்போது ஒரு நொடியில் கண்ட எண்ணை வைத்து முடிவுக்கு வராமல் நாள் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணாளன்

இவ்வளவு சிரமம் தேவையா என்று தோன்றுகிறது. பிற்பகலில் 3.5 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது என்று தெரிந்துவிட்டது. பெரும்பாலான கருவிகளின் செயலியில் திருத்த எண்ணை இடும் வசதி இருக்கிறது. அங்கே 3.5ஐக் கழிக்கும்படி அமைத்துவிட்டு, மழையை 1.27ஆல் பெருக்கிவிட்டால் போதாதா?

பழைய நோக்கர்

போதாது நண்பரே. இதை மட்டும் தயவுசெய்து செய்துவிடாதீர்கள் என்று தூறல் அவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். கழிக்கவேண்டிய எண் எல்லா நேரத்திலும் ஒன்றாக இருந்தால்தான் திருத்த எண்ணுக்குப் பொருள் உண்டு. காற்றழுத்த வேறுபாடு அப்படிப்பட்டது. அதனால் அங்கே உயரத்தை இட்டதும் சரியாகிவிடுகிறது. வெப்பநிலைப் பிழையோ வெயிலின் கடுமையையும் காற்றின் வேகத்தையும் பொறுத்து நிமிடத்துக்கு நிமிடம் மாறுவது. எப்போதும் 3.5ஐக் கழித்தால் வெயிலும் அசைவற்ற காற்றும் உள்ள பிற்பகலில் அளவு சரியாகத் தோன்றும். மேகமூட்டமான நாளில் உண்மையைவிட இரண்டரை டிகிரிக்கு மேல் குறையும். இதுவரை ஒரு குறையும் இல்லாமல் இருந்த விடியற்கால அளவு, அதாவது நாளின் குறைந்தபட்ச வெப்பநிலை, முழுவதுமாகக் கெட்டுவிடும். மழைக்கும் அப்படியே. 1.27 என்பது காற்றோடு வந்த அந்த ஒரு மழையின் எண். காற்றில்லாமல் நின்று பெய்யும் மழையில் உங்கள் மாடியும் தோட்டமும் ஏறத்தாழ ஒத்துப்போகும், அன்று 1.27ஆல் பெருக்கினால் பெய்யாத மழையை நாமே பெய்வித்ததாகிவிடும்.

பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எண்ணைத் திருத்தினால், பின்னால் வருபவர் அதை அவிழ்க்கவும் முடியாது. திருத்தாத எண்ணும் அருகில் ஒரு குறிப்பும் இருந்தால் பத்தாண்டுகள் கழித்தும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தூறல்

உங்கள் இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்களாக ஒவ்வொன்றாகச் செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் மழைமானியைத் திறந்தேன். வெளியிலிருந்து பார்க்க எந்தக் குறையும் தெரியவில்லை. புனலைக் கழற்றியதும், கிண்ணத்தின் ஒரு முனையிலிருந்து உறையின் சுவர்வரை சிலந்தி இழைகள் நான்கைந்து விறைப்பாகக் கட்டியிருந்ததைக் கண்டோம். கிண்ணம் சாயும்போதெல்லாம் அவை அதைச் சற்றே பிடித்து இழுத்திருக்கின்றன. அதனால் வழக்கத்தைவிடக் கூடுதல் நீர் சேர்ந்த பிறகே அது சாய்ந்திருக்கிறது. மகளின் யோசனைப்படி இழைகளை அகற்றும் முன்பே ஒருமுறை 402 மி.லி. நீரைச் சொட்டவிட்டுப் பார்த்தோம் (எங்கள் புனலின் விட்டமும் சரியாக 16 செ.மீ.தான்). 93 சாய்வுகள் பதிவாயின. தூரிகையால் இழைகளை நீக்கி, கம்பத்தைச் சமமட்டத்தில் நிறுத்தி, மீண்டும் சோதித்தபோது 99. ஆகவே அன்று குறைந்த 13 மி.மீ.இல் மூன்று, மூன்றரை மி.மீ. மட்டும் சிலந்தியின் கணக்கு, மீதியெல்லாம் பெரும்பாலும் மாடிக் காற்றின் கணக்கு என்று எடுத்துக்கொள்கிறேன்.

உப்புச் சோதனையில் ஈரப்பத உணரி 77 காட்டியது. வெப்ப உணரியை மெல்லிய நெகிழிப் பையில் இட்டு, பொடித்த பனிக்கட்டியும் சிறிது நீரும் கலந்த குவளையில் வைத்துக் கால்மணி நேரம் கிளறிக்கொண்டே இருந்தோம், 0.2 டிகிரியில் நின்றது. காற்றழுத்தத்துக்கு உயரத்தை இட்டேன், 88 மீட்டர். இப்போது அரசு நிலையத்துடன் ஒத்துப்போகிறது. மழைமானியும் வெப்ப உணரியும் தோட்டத்தில் புல்தரைமேல் நிற்கின்றன. பிற்பகல் வெப்பநிலை வேறுபாடு இப்போது ஒரு டிகிரிக்குள் இருக்கிறது. காற்றே இல்லாத இரண்டு நாட்களில் மட்டும் ஒன்றரையைத் தொட்டது.

இன்னும் இரண்டு கேள்விகள். காற்றுவேகமானியை மாடியிலேயே விட்டுவிட்டேன், அது சரியா? என் தாத்தா காலத்துப் பாதரச வெப்பமானி ஒன்று வீட்டில் இருக்கிறது. அதை ஒப்பீட்டுக்காகத் தோட்டத்தில் தொங்கவிடலாமா?

பழைய நோக்கர்

பனிக்கட்டியில் 0.2 என்பது மிக நல்ல முடிவு. இழைகளை அகற்றும் முன்பே அளந்து பார்க்கச் சொன்ன உங்கள் மகளுக்கு என் வாழ்த்துகளைத் தெரிவியுங்கள். அந்த 93 என்ற எண் இல்லாவிட்டால் சிலந்திக்கும் காற்றுக்கும் பங்கு பிரித்திருக்கவே முடியாது.

பாதரச வெப்பமானியை வெளியே தொங்கவிட வேண்டாம். காற்றில் ஆடி உடைந்தால் சிந்தும் பாதரசம் மண்ணில் கலந்துவிடும், அதைத் திரும்ப எடுக்க இயலாது. 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை பாதரச வெப்பமானிகளின் உற்பத்தியை நிறுத்த முனைந்ததும் இந்த ஆபத்து கருதியே. உறையில் இட்டுப் பத்திரமாக வையுங்கள். உங்களுக்கு ஒப்பீட்டுக் கருவி தேவையென்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பனிக்கட்டிக் குவளையே போதும்.

காற்றுவேகமானி மாடியில் இருப்பதில் தவறில்லை, தோட்டத்தைவிட அது மேல். விதிப்படி அது திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில், அருகிலுள்ள எந்தத் தடையிலிருந்தும் அந்தத் தடையின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தள்ளி நிற்கவேண்டும். வீடுகள் நெருங்கிய பகுதியில் இதை நிறைவேற்றுவது பெரும்பாலும் இயலாத காரியம். கைப்பிடிச் சுவரைவிட எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்துங்கள், அந்த உயரத்தை எழுதிவையுங்கள். குறுகிய புல்வெளியில் 2 மீட்டர் உயரக் காற்றின் வேகம் 10 மீட்டர் உயரத்தின் வேகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு என்று ஒரு கணக்கு உண்டு; அதை மாடிக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள், கட்டடத்தைச் சுற்றிச் சுழலும் காற்றுக்கு அது பொருந்தாது. காற்றைப் பொறுத்தவரை வானிலைத் துறையினரே நெடுங்காலம் தடுமாறினார்கள். 1846இல் நான்கு கிண்ணக் காற்றுவேகமானியை உருவாக்கிய தாமஸ் ராம்னி ராபின்சன், கிண்ணத்தின் அளவு எதுவாயினும், கிண்ணங்கள் சுழலும் வேகத்தைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் காற்று வீசுகிறது என்று கருதினார். உண்மையில் அந்த மடங்கு கிண்ணத்தின் அளவையும் கையின் நீளத்தையும் பொறுத்து மாறுவது என்பது பின்னாளில்தான் தெளிவாயிற்று. இப்போது நாம் காணும் மூன்று கிண்ண அமைப்பு 1926இல் ஜான் பேட்டர்சன் தந்தது. உங்கள் அளவை வேறோர் இடத்தோடு ஒப்பிடுவதைவிட, இன்றைய காற்றை அதே மாடியின் நேற்றைய காற்றோடு ஒப்பிடுவதற்கே வைத்துக்கொள்ளுங்கள். மென்காற்றில் கிண்ணங்கள் சுழலத் தயங்கினால், அவற்றின் அச்சு சுழலும் தாங்கியில் தூசி ஏறியிருக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குறிப்பேட்டில் உணரியை இடம் மாற்றிய நாளன்று குறுக்கே ஒரு கோடு இழுத்து, பழைய இடம், புதிய இடம், தரையிலிருந்து உயரம், சிலந்தி இழையை நீக்கிய நாள் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். அந்தக் கோட்டுக்கு முந்தைய நான்கு மாத எண்களை அழிக்கவோ திருத்தவோ வேண்டாம். இயன்றால் வேறொரு மலிவான வெப்ப உணரியைப் பழைய மாடிக் கம்பத்திலேயே ஓராண்டு விட்டுவையுங்கள். மாடிக்கும் தோட்டத்துக்கும் உள்ள வேறுபாடு ஒவ்வொரு பருவத்திலும் எவ்வளவு என்பது தெரிந்துவிட்டால், அந்த நான்கு மாத எண்களையும் எப்படிப் படிக்கவேண்டும் என்பது விளங்கும்.

தூறல்

கோடு இழுத்தாயிற்று. பழைய கம்பத்தில் வேறோர் உணரியை நேற்று மாட்டிவிட்டோம். மழைமானியின் வடிகால் துளைகளுக்குச் சிலந்தி நுழையாதபடி மெல்லிய கம்பி வலை கட்டியிருக்கிறேன். நீர் வெளியேறத் தடையில்லை என்பதை 402 மி.லி. நீரை மீண்டும் சொட்டவிட்டு உறுதிசெய்துகொண்டோம், 99 சாய்வுகள்.